பணிசெய்த மண்ணும் பிறந்த மண்ணும்: சித்தூர், திருப்பதிப் பகுதிப் புலம்பெயர்ந்தோரைத் தடமறிதல்

முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒப்பந்தக் கூலிகளாகக் கடல்கடந்து சென்ற தென்னிந்தியரின் வழித்தோன்றல்கள் இன்று தென்னாப்பிரிக்கா, மொரீசியசு முதலிய நாடுகளில் ஐந்தாம், ஆறாம் தலைமுறையினராக வாழ்கின்றனர். தம் முன்னோர் பிறந்த ஊரை அறியும் வேட்கை இவர்களிடையே அண்மைக் காலத்தில் பெருகியுள்ளது. முன்னோர் பணிசெய்த கரும்புத் தோட்டங்களை நேரிற் கண்டு, ஆவணக் காப்பகங்களில் பெயரைத் தேடியெடுத்து, அதன் பின்னர் இந்தியாவிற்கு வருவோர் பலர். அவ்வாறு வருவோருள் ஆவணத்தில் 'வட ஆர்க்காடு' என்னும் மாவட்டப் பெயரைக் கண்டு வருவோர் குறிப்பிடத்தக்க தொகையினர். இவர்கள் வேலூருக்கு வருகின்றனர். தேடும் ஊரோ சித்தூரை அடுத்தோ திருப்பதியை அடுத்தோ இருக்கக்கூடும். தமிழ் அறிந்த துணைவரோடு வருகின்றனர். ஊரார் பேசுவது தெலுங்காக இருக்கக்கூடும். இத்தகைய தேடலுக்குரிய சான்றுகள் யாவை, அவற்றை எவ்வாறு படித்தல் வேண்டும், அவற்றின் எல்லை யாது என்பனவற்றைச் சித்தூர், திருப்பதிப் பகுதிகளை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நேட்டால் (இன்றைய குவாசூலு-நேட்டால்) சென்றோரைப் பற்றிய சான்றுகளே இங்கு முதன்மையாகக் கொள்ளப்படுகின்றன.

1. புலம்பெயர்வின் பின்புலம்

நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச்சென்ற முதற்கப்பலாகிய 'துருரோ' 1860 அக்டோபரில் சென்னையை விட்டுப் புறப்பட்டு, அவ்வாண்டு நவம்பர் 16ஆம் நாள் டர்பன் துறையை அடைந்தது. 1866இல் தடைப்பட்ட இப்போக்குவரத்து 1874இல் மீண்டும் தொடங்கி 1911 வரை நீடித்தது. இவ்வரையறைக்குள் நேட்டால் சென்றோரின் தொகை 1,52,184 எனக் கணக்கிடப்பட்டுள்ளது. இவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் சென்னைத் துறைமுகத்தின் வழியே சென்றவர்கள். சென்னை மாகாணத்திலிருந்து கூலிகளை மிகுதியாக அனுப்பிய மாவட்டங்களுள் வட ஆர்க்காடு முன்வரிசையில் நிற்பதனைக் கப்பல் பதிவேடுகளை ஆராய்ந்த சுரேந்திர பானாவின் நூல் (1991) காட்டுகிறது.

இதற்குக் காரணங்கள் சில உள. வட ஆர்க்காடு வானம் பார்த்த நிலமும் ஏரிப்பாசனமும் மிக்க மாவட்டம். இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரையிலான இருப்புப்பாதை 1856இலேயே திறக்கப்பட்டமையால் சென்னைத் துறைமுகம் எளிதில் எட்டும் தொலைவில் இருந்தது. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும்பஞ்சம் இம்மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 20 இலட்சமாக இருந்த மாவட்ட மக்கள்தொகை 1881இல் ஏறத்தாழ 18 இலட்சமாகக் குறைந்தது. பத்தாண்டில் பெருகியிருக்க வேண்டிய தொகை இவ்வாறு குறைந்தமை பஞ்சத்தின் அளவை உணர்த்தும். நேட்டால் போக்குவரத்து மீண்டும் தொடங்கிய இரண்டாண்டில் பஞ்சம் வந்தது என்பது இங்குக் கருதத்தக்கது. எனினும் சென்றோர் அனைவரையும் பஞ்சம் துரத்தியதாகக் கொள்ளுதல் பொருந்தாது. பஞ்சம் நீங்கிய பின்னரும் முப்பதாண்டுகளுக்கு மேலாக ஆட்கள் சென்றுகொண்டே இருந்தனர்.

2. பணிசெய்த மண்ணில் கிடைக்கும் சான்றுகள்

தேடலைப் பிறந்த ஊரிலிருந்து தொடங்க இயலாது. சென்றவரின் பெயர் அவருடைய ஊரில் எந்த ஏட்டிலும் 'சென்றார்' எனப் பதிவாகவில்லை. அவர் பணிசெய்த நாட்டிலேயே அவர் எழுத்துக்குள் வருகிறார். ஆதலின் தடமறிதல் பணிசெய்த மண்ணிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

நேட்டாலில் இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு குடியேற்ற எண் வழங்கப்பட்டது. அவ்வெண்ணோடு பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, உயரம், மாவட்டம், வட்டம், ஊர், உடல் அடையாளம், அமர்த்தப்பட்ட முதலாளி ஆகியன பதிவு செய்யப்பட்டன. இவ்வெண் ஒருவருடைய வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. மணப்பதிவு, முதலாளிமீது தொடுத்த முறையீடு, ஒப்பந்தம் முடிந்ததற்கான சான்றிதழ், ஊர்திரும்பிய பதிவு, இறப்பு அறிவிப்பு முதலிய ஆவணங்களில் பெயர் எவ்வாறு திரிந்து எழுதப்பட்டிருப்பினும் எண் மாறுவதில்லை. எனவே பெயரைக் கொண்டு தேடுவதினும் எண்ணைக் கொண்டு தேடுவதே உறுதியானது.

டர்பன், பீட்டர்மாரிட்சுபர்க் ஆவணக் காப்பகங்களில் உள்ள இந்தியக் குடியேற்றக் கோப்புகள் இவ்வகையில் பயன்தருவன. இவற்றுள் காப்பாளர் அலுவலகத்தில் பதிவான முறையீடுகள் சிறப்பிடம் பெறுகின்றன. எழுத்தறியாத கூலியாள் ஒருவரின் சொற்கள், மொழிபெயர்ப்பாளர் வழியாகவேனும், ஏட்டில் ஏறிய இடம் அதுவே. 1894இல் முதலாளியால் அடிபட்டுக் குருதியொழுகக் காந்தியடிகளிடம் வந்து நின்ற பாலசுந்தரம் என்னும் தமிழரின் வழக்கு பரவலாக அறியப்பட்டது. அவர் வேறொரு முதலாளியிடம் மாற்றப்பட்டார். அவரைப் போன்று முறையிட்டு, வரலாற்றில் பெயர் பெறாது போனோர் பலர் இக்கோப்புகளில் உள்ளனர். மேலும், இறந்தோரின் எஞ்சிய பணத்தை ஊரிலிருந்த வாரிசுகளுக்குச் சேர்ப்பிப்பது தொடர்பாகச் சென்னையோடு நடந்த கடிதப் போக்குவரத்தும் ஊர்ப்பெயரை உறுதிசெய்ய உதவுவதாகும்.

தோட்டங்களை நேரிற் காண்பதும் பயனற்றதன்று. மவுண்ட் எட்சுகோம்பு, தொங்காட்டு, வெருலம், உம்சிண்டோ முதலிய இடங்களில் கரும்புத் தோட்டத் தொழிலாளர் எழுப்பிய கோயில்கள் உள. மவுண்ட் எட்சுகோம்பில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிள்ளையார் கோயிலைக் கட்டிய கிஸ்தப்ப ரெட்டி போன்றோர் தென்னிந்தியக் கட்டட மரபை நினைவிலிருந்தே அங்கு எழுப்பினர். அக்கோயில்களில் எத்தெய்வங்கள் இடம்பெற்றன, எவ்விழாக்கள் நிகழ்ந்தன என்பன ஏடுகள் கூறாத ஊர்த்தொடர்பைக் கூறவல்லன. இது பின்னர் விளக்கப்பெறும்.

3. 'வட ஆர்க்காடு' என்னும் சொல் சுட்டும் நிலம்

பதிவேட்டில் 'வட ஆர்க்காடு' எனக் காணப்படுவது இன்றைய எந்த மாவட்டத்தையும் நேராகச் சுட்டுவதன்று. 1801இல் கர்நாடகப் பகுதி ஆங்கிலேயக் கும்பினியின் ஆட்சிக்கு வந்தபின் உருவான இம்மாவட்டத்திற்கு 1911 வரை தலைநகராக இருந்தது சித்தூரே. 1911 ஏப்ரல் 1ஆம் நாள் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. வட ஆர்க்காட்டிலிருந்து சித்தூர், பலமனேர், சந்திரகிரி வட்டங்களும் புங்கனூர், காளத்தி, கார்வேட்டிநகர் ஜமீன்களும் கடப்பை மாவட்டத்திலிருந்து மதனப்பள்ளி, வாயல்பாடு வட்டங்களும் இதனோடு சேர்க்கப்பட்டன. அதன்பின் வேலூர் வட ஆர்க்காட்டின் தலைநகராயிற்று. நேட்டாலுக்கு ஆள் அனுப்புதல் நின்றதும் சித்தூர் மாவட்டம் பிறந்ததும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தன. ஆதலின் நேட்டால் பதிவுகளில் ஏறத்தாழ முழுமையும் பழைய மாவட்ட அமைப்பையே குறிக்கின்றன என்பது தெளிவு.

திருப்பதி அக்காலத்தில் சந்திரகிரி வட்டத்தைச் சேர்ந்திருந்தது. திருத்தணி முதலான பகுதிகள் 1960 ஏப்ரல் 1 அன்று எல்லைமாற்றச் சட்டத்தின்படி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்திற்கு வந்தன. அதே ஏற்பாட்டில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த சத்தியவேடு ஆந்திரத்திற்குச் சென்றது. 1989இல் திருவண்ணாமலைப் பகுதி பிரிந்தது. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாயிற்று. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆக, ஒரு கூலியாளின் பதிவில் 'வட ஆர்க்காடு' என்றிருப்பின் அவர் ஊர் இன்று வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை, திருவள்ளூர், சித்தூர், திருப்பதி ஆகிய மாவட்டங்களுள் எதிலும் இருத்தல் கூடும். வட்டத்தின் பெயர் கிடைத்தாலன்றி மாவட்டப் பெயரால் பயன் சிறிது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. 1883ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் கூலியாளை ஓர் அலுவலர் முன்னிலையில் பதிவு செய்தல் வேண்டும் என விதித்தது. மாவட்டத் தலைநகராகிய சித்தூரின் பெயர் ஆவணங்களில் பலவாறு வருதல் இயல்பு. அது மாவட்ட நிருவாகத்தின் இருப்பிடமா, வட்டமா, பிறந்த ஊரா என்பதனை அது எந்தக் கட்டத்தில் எழுதப்பட்டுள்ளது என்பதனைக் கொண்டே துணிதல் வேண்டும்.

4. பெயர்களைப் படித்தல்

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பித்துக் கொள்வோம். பதிவேட்டில் 'முனிசாமி, தந்தை வெங்கடசாமி, வட ஆர்க்காடு, சந்திரகிரி, கொத்தபள்ளி' என்று ஆங்கில எழுத்தில் பிழைபட எழுதப்பட்டுள்ளதாகக் கொண்டால், ஆய்வாளர் எதிர்கொள்ளும் சிக்கல்கள் மூன்று.

முதலாவது ஊர்ப்பெயர். 'கொத்த' என்பது தெலுங்கில் புதியது எனப் பொருள்படும். தமிழில் புதூர் எவ்வளவு பெருவழக்கோ அவ்வளவு பெருவழக்குத் தெலுங்கில் கொத்தபல்லெ, கொத்தூரு என்னும் பெயர்கள். ஒரே வட்டத்தில் இப்பெயருடைய சிற்றூர்கள் பல இருத்தல் கூடும். தெலுங்கில் 'பல்லெ' என்பது தமிழ் எழுத்தரிடம் 'பள்ளி' ஆகும். தமிழில் 'கண்டிகை' என வழங்கும் ஊர்கள் தெலுங்கில் 'கண்ட்ரிக' என வழங்கும். 'குப்பம்' இரு மொழிக்கும் பொது. ஊரைச் சொன்னவர் ஒரு மொழியினராகவும், எழுதியவர் மற்றொரு மொழியினராகவும், எழுதப்பட்ட மொழி ஆங்கிலமாகவும் அமைந்த நிலையில், தமிழ், தெலுங்கு ஆகிய இரு மொழி வடிவங்களையும் வைத்துப் பார்த்த பின்னரே ஊரைத் துணிய முடியும். ஆர்தர் காக்சு தொகுத்து 1881இல் வெளிவந்த வட ஆர்க்காட்டு மாவட்டக் கையேடும், நிலவரித் திட்டத்தின்போது ஆங்கிலமும் வட்டார மொழியுமாக ஆக்கப்பெற்ற இருமொழிப் பதிவேடுகளும் இதற்குத் துணைசெய்வன.

இரண்டாவது ஆட்பெயர். வெங்கடசாமி, கோவிந்தசாமி, திருப்பதி முதலிய பெயர்கள் திருமலைப் பெருமான்மீது கொண்ட பற்றைக் காட்டுவன. ஆயின் இவை திருப்பதிப் பகுதிக்கு மட்டும் உரியனவல்ல. தமிழகத்தின் தென்கோடி வரை எல்லாச் சாதியினரிடத்தும் வழங்குவன. ஆதலின் பெயரைக் கொண்டு ஊரைத் துணிதல் பிழையாகும்.

மூன்றாவது குடும்பப்பெயர். புறப்பட்டபோது பெரும்பாலோருக்குத் தம் பெயரும் தந்தை பெயருமே இருந்தன. நாயுடு, ரெட்டி, முதலி, பிள்ளை, படையாச்சி, கவுண்டர், செட்டி என்னும் சாதிப்பட்டங்கள் நேட்டாலில் ஐரோப்பிய முறைக்கேற்பக் குடும்பப்பெயராக நிலைத்தன. சிலரிடத்துத் தந்தையின் பெயரே குடும்பப்பெயராயிற்று. கப்பல் பதிவேட்டில் உள்ள சாதிக்குறிப்பும் பின்னர் வழங்கிய பட்டமும் ஒவ்வாத இடங்களும் உள. கடல் கடந்தபின் பட்டத்தைத் தாமே தேர்ந்துகொள்ளும் வாய்ப்புப் பலருக்கு இருந்தது. அதனை ஏமாற்று என இகழ்தல் தகாது. பிறந்த மண் மறுத்த மதிப்பை அவர்கள் புதிய மண்ணில் எடுத்துக்கொண்டனர் எனக் கொள்ளுதலே பொருந்தும்.

பதிவேடு கேளாத வினா ஒன்றும் உண்டு. சித்தூர்ப் பகுதித் தெலுங்குக் குடும்பங்களை ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிய உதவுவது 'இண்ட்டி பேரு' எனப்படும் வீட்டுப்பெயர். தமிழ்க் குடும்பங்களுக்கு அவ்விடத்தில் நிற்பது குலதெய்வமும் பங்காளி உறவும். கப்பல் பதிவேட்டில் சாதிக்குக் கட்டம் உண்டு, தழும்புக்குக் கட்டம் உண்டு, இவ்விரண்டிற்கும் இல்லை. உடலை அடையாளம் காண்பதே ஆள்வோரின் தேவையாக இருந்தது. உறவை அடையாளம் காண்பதன்று. இன்று வழித்தோன்றல் தேடி வருவதோ உறவை. வீட்டுப்பெயரோ குலதெய்வத்தின் பெயரோ குடும்ப நினைவில் எஞ்சியிருப்பின் அது குடியேற்ற எண்ணுக்கு நிகரான மதிப்புடையது.

5. வழிபாடு என்னும் சான்று

தென்னாப்பிரிக்கத் தமிழரும் தெலுங்கரும் புரட்டாசி மாதம் முழுவதும் புலால் நீக்கி நோன்பிருக்கும் வழக்கத்தைப் பெரிதும் போற்றுகின்றனர். சனிக்கிழமைகளில் கோவிந்த நாமம் சொல்லிப் படையலிடுகின்றனர். திருமலையை நோக்கிய இவ்வழக்கம் பழைய வட ஆர்க்காட்டிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் ஆழமாக வேரூன்றியது. மாரியம்மன், திரௌபதியம்மன், கங்கையம்மன் வழிபாடுகளும் தீமிதியும் அங்கு நிலைபெற்றுள்ளன.

இவற்றுள் கங்கையம்மன் வழிபாடு தனித்து நோக்கத்தக்கது. திருப்பதியில் தாத்தய்யகுண்ட கங்கம்மாவுக்கு நிகழும் சாத்திரை புகழ்பெற்றது. குடியாத்தத்தில் வைகாசியில் நிகழும் கங்கையம்மன் சிரசுத் திருவிழாவும் அத்தகையதே. ஒன்று தெலுங்கு வழங்கும் இடம். மற்றொன்று தமிழ் வழங்கும் இடம். இரண்டும் ஒரே பழைய மாவட்டம். திரௌபதி வழிபாடும் இவ்வாறே வட ஆர்க்காட்டுத் தமிழ்ப்பகுதியில் தெருக்கூத்தோடும் சித்தூர்ப் பகுதியில் தர்மராசா கோயில்களின் பாரத விழாவோடும் விளங்குகிறது. நேட்டாலில் இவ்வழிபாடுகள் சேர்ந்து காணப்படுவது, அங்குச் சென்றோரில் இந்நிலப்பகுதியினரின் பங்கு பெரிது என்னும் கருத்துக்கு அரண் செய்கிறது. எனினும் இது ஒரு வட்டாரத்தைச் சுட்டுமேயன்றி ஒரு குறிப்பிட்ட ஊரைச் சுட்டாது என்னும் எல்லையை மறத்தலாகாது.

6. தமிழரா, தெலுங்கரா?

சித்தூர், திருப்பதிப் பகுதிகளிலிருந்து சென்றோரைத் தமிழர் எனக் கொள்வதா, தெலுங்கர் எனக் கொள்வதா என்னும் வினா தமிழாய்வாளர்க்கு முதன்மையானது. தொல்காப்பியச் சிறப்புப்பாயிரம் வேங்கடத்தைத் தமிழின் வட எல்லையாகக் குறிப்பதும், காடவன் பெருந்தேவியாகிய சாமவையின் கொடையைக் கூறும் கல்வெட்டு உட்படத் திருமலைக் கல்வெட்டுகளிற் பெரும்பான்மை தமிழில் அமைந்துள்ளமையும் நாம் நன்கறிந்தவை. இச்சான்றுகளைக் கொண்டு 1880இல் சந்திரகிரியிலிருந்து கப்பலேறிய ஒருவரைத் தமிழர் எனத் துணிதல் இயலுமா எனின், இயலாது என்பதே விடையாகும். கல்வெட்டின் மொழி அக்காலத்திய கோயில் நிருவாகத்தின் மொழியைக் காட்டும். பல நூற்றாண்டுகளுக்குப் பின் வாழ்ந்த ஓர் உழவனின் வீட்டுமொழியைக் காட்டாது.

இதன் மறுதலையும் உண்மையே. இன்று ஆந்திரத்தில் உள்ள ஊர் என்பதாலேயே அவரைத் தெலுங்கர் எனக் கொள்வதும், நாயுடு, ரெட்டி என்னும் பட்டத்தைக் கண்டு அவ்வாறு கொள்வதும் பிழையாகும். தமிழ் நிலத்துள்ளே பல தலைமுறைகளாக வாழ்ந்த தெலுங்குக் குடும்பங்களும் சித்தூர்ப் பகுதியில் தமிழ் பேசிய குடும்பங்களும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. இரு மொழியும் இயல்பாகப் பேசியோர் பலர். முற்காலக் கப்பல் பதிவேடுகளில் சாதிக்குரிய கட்டத்திலேயே தமிழரை 'மலபார்' என்றும் தெலுங்கரை 'ஜெண்டு' என்றும் எழுதிய எழுத்தர்கள், ஒருவர்க்கு ஒரு மொழியே உண்டு என்னும் கருத்தை அவர்கள்மேல் ஏற்றினர். நேட்டாலில் தெலுங்கு பேசுவோர் நெடுங்காலம் தமிழரோடு சேர்த்தே எண்ணப்பட்டனர். 1931இல் அங்கு ஆந்திர மகாசபை தோன்றியதற்கு இதுவும் ஒரு பின்புலமாகும்.

எனவே புலம்பெயர்ந்த தமிழர் தொகையைப் பெருக்கிக் காட்டும் ஆர்வத்தில் இவ்வெல்லைப்புற மக்களை ஒருபுறமாகச் சேர்த்து எழுதுவது ஆய்வு நேர்மைக்கு ஒவ்வாது. தமிழ் மட்டும் அறிந்த ஆய்வாளர் பாதி ஆவணத்தையே படிக்கிறார். தெலுங்கு மட்டும் அறிந்தவரின் நிலையும் அதுவே. பாதிக்கப்படுவதோ தன் கொள்ளுப்பாட்டனின் ஊரைத் தேடி ஆயிரக்கணக்கான கல் கடந்து வந்தவர்.

7. பிறந்த மண்ணில் தேடுதல்

ஊர் ஒருவாறு துணியப்பட்ட பின் நிகழும் தேடலிலும் வரையறைகள் உள. பட்டா, அடங்கல் முதலிய நில ஆவணங்கள் நிலமுடையோரையே காட்டும். கப்பலேறியோரில் நிலமற்ற உழைப்பாளர் மிகப் பலர். அவர்கள் ஊரில் இருந்தபோதும் ஏட்டில் இல்லை, சென்றபின்னும் இல்லை. கிறித்தவராயின் திருச்சபையின் ஞானமுழுக்குப் பதிவேடு உதவக்கூடும். ஏனையோர்க்கு வாய்மொழியே துணை. ரெட்டி முதலிய குலத்தாரின் வமிசாவளியைப் பாடிவரும் பிச்சுகுண்ட்லர் போன்றோரின் மரபு சித்தூர்ப் பகுதியில் இதற்குப் பயன்படக்கூடிய ஒன்று. ஆயின் அதுவும் சில குலத்தாரையே பாடும்.

பெண்களின் நிலை இதனினும் கடினமானது. நூறு ஆடவர்க்கு நாற்பது பெண்டிர் என்னும் விகிதம் வேண்டப்பட்டமையால் தனித்துச் சென்ற பெண்டிரும் பலர். அவர்களைப் பற்றிய நினைவு ஊரில் மறைக்கப்பட்டிருத்தல் கூடும். பாட்டியின் வழியே வேர்தேடுவோர் பதிவேட்டோடு அமைய நேர்வதே பெரும்பான்மை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. புலம்பெயர்ந்தோரின் வாழ்வைத் தடமறிதல் பணிசெய்த மண்ணிலிருந்து தொடங்குதல் வேண்டும். அதற்குப் பெயரினும் குடியேற்ற எண்ணே உறுதியான கருவி. 'வட ஆர்க்காடு' என்னும் குறிப்பை 1911க்கு முந்திய எல்லைகளோடு படித்தல் வேண்டும். ஊர்ப்பெயரை இருமொழி வடிவிலும் நோக்குதல் வேண்டும். பெயர், பட்டம், வழிபாடு ஆகியன துணைச்சான்றுகளே. தனித்து நின்று ஊரையோ மொழியையோ நிறுவா.

இப்பணி தனியொருவரால் நிறைவேறுவதன்று. பழைய வட ஆர்க்காட்டு வட்டங்களின் ஊர்ப்பெயர்களைத் தமிழ், தெலுங்கு, பதிவேட்டு ஆங்கிலம் ஆகிய மூவடிவிலும் இன்றைய மாவட்டத்தோடு இணைத்துக் காட்டும் ஓர் அகரவரிசை முதற்கண் தேவை. திராவிட மொழிகளுக்கென 1997இல் சித்தூர் மாவட்டத்துக் குப்பத்தில் நிறுவப்பெற்ற திராவிடப் பல்கலைக்கழகமும் தமிழகப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் இணைந்து இதனைச் செய்யலாம். பெரும் பொருட்செலவு இல்லாது, இரு மொழியும் அறிந்த மாணவர் சிலரைக் கொண்டு தொடங்கத்தக்க பணி இது. ஊரில் வாய்மொழியாக எஞ்சியிருக்கும் செய்திகள் முதியோருடன் மறைந்துவருகின்றன. ஏடுகள் காத்திருக்கும், அவை அங்ஙனம் காத்திரா.

வேங்கடம் ஒரு காலத்தில் மொழி எல்லையாகக் குறிக்கப்பட்டது. அதன் இருபுறத்தும் வாழ்ந்தோர் ஒரே கப்பலில் ஏறினர். ஒரே தோட்டத்தில் கரும்பு வெட்டினர். ஒரே மாதத்தில் நோன்பிருந்தனர். அவர்களின் வரலாற்றை எழுதும் நாமும் இருபுறத்தையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.